அருவியை நாடும் முன்

மலையும் காடும் அருவியும் இளைஞர் உள்ளத்தைக் கவரும் இயல்புடையன. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், வண்டலூர் முதலிய ஊர்களில் வாழும் இளைஞரை அவை இன்னும் ஒருபடி மிகுதியாகவே கவர்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. சென்னையின் தென்புறத்தே அமைந்த இவ்வூர்களில் குன்றுகள் இருக்கின்றன, ஏரிகள் இருக்கின்றன, காடுகளும் இருக்கின்றன, அருவி மட்டும் இல்லை. திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் தலைநிமிர்ந்து நிற்கும் கரும்பாறைகள் சார்னோகைட் என்னும் இனத்தைச் சேர்ந்தவை; நிலநூலார் உலகெங்கும் போற்றும் பாறைகள். பழங்கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியை இராபர்ட் புரூசு பூட்டு என்னும் அறிஞர் 1863-ஆம் ஆண்டில் கண்டெடுத்ததும் அப்பல்லாவரத்தில்தான். நன்மங்கலத்துக் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தை வாழ்கின்றது. 1937-இல் தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் 365 ஏக்கர் வளாகத்திலும் புதர்க்காடு பேணப்பட்டு வருகின்றது. இத்தனை இருந்தும், பாறை மேலிருந்து வெண்ணூல் போல நீர் விழும் காட்சியைக் காண விரும்புவோர் வேற்றூருக்கே செல்லல் வேண்டும். விடுமுறை நெருங்கியதும் மாணவர் சிலர் கூடி, "ஓர் அருவிக்குப் போய் வரலாமா?" என்று பேசத் தொடங்குவதில் வியப்பில்லை.

அப்பேச்சு பெரும்பாலும் எவ்வாறு முடிகின்றது? "அது எளிய வழிதான், சிறிது தொலைவு நடந்தால் போதும், காலையில் போனால் மாலையில் திரும்பிவிடலாம்" என்று ஒருவர் சொல்கின்றார். மற்றவர் உடன்படுகின்றனர். மறுநாள் பயணம் தொடங்கிவிடுகின்றது. 'எளிது' என்னும் அந்த ஒரு சொல்லே ஏற்பாடு அனைத்தையும் விழுங்கிவிடுகின்றது.

இமயமலைக்குச் செல்வோர் திங்கள் கணக்கில் ஆயத்தம் செய்கின்றனர். உடலைப் பயிற்றுகின்றனர், உடையைத் தேர்கின்றனர், வழிகாட்டியை அமர்த்துகின்றனர், வானிலையைக் கேட்டறிகின்றனர். அரிய செயல் தன் அருமையாலேயே மனிதரை எச்சரித்துவிடுகின்றது. எளிய செயலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. ஆகவே, ஒன்றிரண்டு கல் தொலைவு நடந்து ஓர் அருவியைக் கண்டு மீளும் சிறு பயணத்திற்கே முன்னேற்பாடு மிகுதியாக வேண்டும் என்பது விந்தையான கூற்று அன்று. வழி எளிதாக இருப்பதில்லை. ஏற்பாடு செய்தோர்க்கே அஃது எளிதாகின்றது.

இங்கு மறுப்பு ஒன்று எழும். அருவிகளில் ஏதேனும் துன்பம் நேரும்போதெல்லாம், "பிள்ளைகளை இத்தகைய இடங்களுக்கு விடவே கூடாது, வழிகளை அடைத்துவிட வேண்டும்" என்று பெற்றோரும் பிறரும் உரைப்பதுண்டு. அவர்தம் அச்சம் அன்பிலிருந்து பிறப்பது, ஆதலின் இகழத்தக்கதன்று. ஆயினும் அது நன்மை பயக்கும் வழி ஆகாது. பதினைந்து வயது மாணவன் ஒருவனிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால், அவன் சொல்லாமல் போவான். எங்குச் சென்றான், யாருடன் சென்றான், எப்போது மீள்வான் என்பது வீட்டில் உள்ளார் எவர்க்கும் தெரியாது. மறைவாக மேற்கொள்ளும் பயணத்தைப் போல இடர் மிகுந்தது பிறிதொன்றில்லை. தடுப்பதைவிட, எவ்வாறு செல்வது என்று கற்பிப்பதே பெரியோர் கடன். அதனைக் கற்பிக்கப் பள்ளியினும் தக்க இடம் இல்லை.

இக்கல்வி தமிழர்க்குப் புதியதும் அன்று. பத்துப்பாட்டில் இறுதியாக வைக்கப்பட்ட மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் அதனைப் பாடினார். உ. வே. சாமிநாத ஐயர் 1889-ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபோது அந்நூல் அச்சிலும் வந்தது. இன்று செங்கம் என வழங்கும் செங்கண்மா என்னும் ஊரையாண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையால் வாடி எதிர்ப்படும் வேறொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அப்பாட்டு அமைந்துள்ளது. அதனைப் புகழ்ப்பாட்டாக மட்டும் படிப்போர் பலர். ஆனால் அதன் பெரும்பகுதி, மலைவழி நடப்பார்க்கு ஒருவன் பொறுப்புடன் வகுத்துத் தரும் பயணக் குறிப்பே ஆகும்.

அக்குறிப்பின் நுட்பம் வியக்கத்தக்கது. தினைப்புனத்தில் பன்றிக்குப் பொறி வைத்திருப்பர். ஆகவே பொழுது புலர்ந்த பின்னரே அவ்வழியில் நடக்க வேண்டும் என்கின்றான் கூத்தன். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும் என்று எச்சரிக்கின்றான். புனங்காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், அதற்கு மரத்தின் பின் எவ்வாறு மறைந்து செல்வது என்பதையும் கூறுகின்றான். பாசி படிந்து வழுக்கும் நீர்க்கரைகளில் கொடிகளைப் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கின்றான். இருள் சூழ்ந்தால் நடையை நிறுத்திக் கற்குகையில் தங்குமாறு பணிக்கின்றான். இவற்றையெல்லாம்விடப் பெரிது ஒன்றுண்டு. வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் தவறிப் போகாதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்ல வேண்டும் என்கின்றான். பசியால் மெலிந்த இசைவாணர் கூட்டம், தமக்குப் பின் வரும் முகமறியாதார்க்கும் வழி காட்டிச் செல்ல வேண்டும் என்பது அக்காலத்தார் பயண ஒழுக்கம். படக்கருவியும் கைப்பேசியும் ஏந்திச் செல்லும் இக்காலத்தார் பலரிடம் அவ்வொழுக்கம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வகை நூலுக்கு 'ஆற்றுப்படை' என்று பெயர். 'ஆறு' என்பது வழியையும் குறிக்கும். ஓடும் நீரையும் குறிக்கும். அருவிக்குச் செல்வார் இவ்விருபொருளையும் ஒருங்கே நினைவில் கொள்ளல் நன்று. ஏனெனில், காட்டருவிகள் பலவற்றுக்கு நீரோடையின் படுகையே வழியாக அமைந்திருக்கின்றது. கோடையில் கால் நனையாமல் நடந்து சென்ற கல்வழி, மழைநாளில் ஒரு நாழிகைக்குள் பேராறாக மாறிவிடும். காலையில் வழியாக இருந்த ஆறு மாலையில் நீராக இருக்கக் கூடும்.

இவ்வுண்மையைத் தாம்பரத்து மாணவர்க்கு மெய்ப்பிக்க வேறு சான்று தேட வேண்டுவதில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீடுகளைச் சூழ்ந்த வெள்ளம், அவ்வீட்டுக் கூரைகளின் மேல் விழுந்த மழை மட்டும் அன்று. மேற்புறத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பி வழிந்து, அடையாற்றின் வழியே கீழிறங்கிய நீரும் அதனுடன் சேர்ந்திருந்தது. தம் தெருவில் நீர் ஏறியபோது, "இஃது எங்கிருந்து வருகின்றது?" என்று கேட்ட குடும்பங்கள் அங்குப் பலவாக இருந்திருக்கும். அருவியின் கீழ் நிற்பவரும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே. கண்முன் விழுவது அருவியின் கடைக்கோடி. அதன் பிறப்பிடம் மேலே, மரங்களுக்கும் பாறைகளுக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத மலைச்சரிவில் இருக்கின்றது. அங்கே மழை பெய்தால், இங்கே வானம் வெளுத்திருந்தாலும் வெள்ளம் வரும்.

பழைய குற்றாலத்தில் 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் நிகழ்ந்தது இதுவே. மக்கள் நீராடிக்கொண்டிருந்த வேளையில், மலைமேற் பெய்த மழையால் அருவியில் திடீரெனக் காட்டாற்று வெள்ளம் பெருகிற்று. நீராடியோர் சிதறி ஓடினர். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவன் ஒருவன் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தான். குற்றாலம் காடு சூழ்ந்த தனியிடம் அன்று. படிக்கட்டும் காவலும் உடைய இடம். ஆண்டுதோறும் எண்ணிறந்தோர் வந்து செல்லும் இடம். நடக்க வேண்டிய தொலைவோ மிகச் சிறிது. எளிய இடம் என்பதற்கு அதனினும் எளிய இடம் காட்டல் அரிது.

வெள்ளம் வருமுன் நீரே சில குறிகளைக் காட்டும். தெளிந்திருந்த நீர் கலங்கிச் செந்நிறம் பெறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அருவியின் ஓசை திடுமென மிகும். இவற்றுள் ஒன்றைக் கண்ட அளவில் உடைமைகளை விட்டுவிட்டு மேட்டு நிலத்தில் ஏறிவிடல் வேண்டும். ஓடையைக் கடந்து மறுகரையில் உள்ள பையை எடுக்க நினைத்தல் ஆகாது. விரைந்தோடும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். நீர் வடியும்வரை இருந்த கரையிலேயே இருத்தல் வேண்டும். பொழுது போய்விடுமே என்று அஞ்சிக் கடப்பதனால்தான் கேடு வருகின்றது. இக்குறிகளைப் புறப்படும் முன்னரே அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். அருவியின் பேரோசையில் ஒருவர் சொல்வது மற்றவர்க்குக் கேட்பதில்லை.

இனிப் பருவத்தைக் கருதுவோம். குற்றாலத்து அருவிகளுக்குத் தென்மேற்குப் பருவமழையால் ஆனி, ஆடித் திங்களில் நீர் மிகும். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளில் உள்ள அருவிகள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் அங்குச் செல்வது அறிவுடைமை ஆகாது. சித்திரையில் சென்றால் நீர் இராது. மழை நீங்கி, ஓடை தெளிந்து, வெயிலும் கடுமையாகாத தைத் திங்களே அதற்கு ஏற்றது.

நீருக்கு அஞ்சுவது போலவே நெருப்புக்கும் அஞ்சுதல் வேண்டும். மாசி முடியும் தறுவாயில் மலைப்புல் காய்ந்து வைக்கோலாகிவிடுகின்றது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில், மலையேறி மீண்டுகொண்டிருந்தோர் சிக்கினர். சென்னையிலிருந்து சென்றோரும் அவருள் இருந்தனர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளைஞர், நன்கு படித்தவர். அத்துயரத்தின் பின்னர், அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு காடுகளில் மலையேறுதலை ஒழுங்கு செய்யும் விதிகளை வகுத்தது. பின்னர் 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், 14 மாவட்டங்களில் 40 வழிகளைத் தேர்ந்து, எளியது, நடுத்தரமானது, கடினமானது எனப் பிரித்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் செல்லும் திட்டத்தையும் தொடங்கிற்று. மலையடிவாரத்து ஊர்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் வாழ்வோரே அவ்வழிகாட்டிகளாகப் பயிற்றப்பெற்றுள்ளனர். மலைபடுகடாத்துக் கூத்தன் செய்த பணியை அவர்கள் செய்கின்றனர் எனலாம். காப்புக்காட்டிற்குள் இசைவின்றி நுழைதல் குற்றம் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துவோர் உளர். குற்றம் என்பதினும் பெரிது, நுழைந்தவர் உள்ளே இருப்பது எவர்க்கும் தெரியாது போவதுதான். இசைவுச் சீட்டில் பெயர் எழுதப்பட்டால், மாலையில் அப்பெயர்களைத் தேட ஒருவர் இருப்பார்.

தாம்பரத்தினர்க்கு ஒரு பகலில் சென்று மீளத்தக்க காட்டருவிகளுள் நன்கு அறியப்பட்டது தடா அருவி. ஆந்திர மாநிலத் திருப்பதி மாவட்டத்தில், வரதய்யபாளையத்திற்கு அருகில் உள்ள காட்டில் அஃது இருக்கின்றது. அதன் பெயர் உப்பலமடுகு. தெலுங்கில் 'மடுகு' என்பதும் தமிழில் 'மடு' என்பதும் ஒன்றே; ஆழ்ந்த நீர்நிலை என்பது பொருள். இடத்திற்குப் பெயரிட்ட முன்னோர் அழகைக் கருதிப் பெயரிடவில்லை. ஆழத்தைக் கருதியே பெயரிட்டனர். சென்னையிலிருந்து சென்ற இளைஞர் சிலர் அங்குள்ள மடுக்களில் நீந்தப் புகுந்து உயிரிழந்ததுண்டு. பெயரின் பொருளைக் கேட்டறிந்திருந்தாலே பாதி எச்சரிக்கை கிடைத்திருக்கும். நீந்தத் தெரியும் என்பது ஏரியிலும் குளத்திலும் ஓரளவு உதவும். நீருக்கடியில் பாறையும் பிளவும் சுழலும் இருக்கும் மலைமடுவில் அவ்வளவாக உதவாது. பாறையுச்சியிலிருந்து நீரில் குதித்தல் எத்துணை திறமையுடையார்க்கும் தகாது.

அவ்வருவிக்குச் செல்ல எண்மரும் ஆசிரியர் இருவரும் தாம்பரத்திலிருந்து புறப்படுவதாகக் கொள்க. மின்சார இரயிலில் பூங்கா நிலையம் வரையில் சென்று, எதிரே உள்ள மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் சூலூர்ப்பேட்டை இரயிலில் ஏறித் தடாவில் இறங்குதல் வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணிக்குக் குறையாது. தடாவிலிருந்து காட்டு வாயில் வரை செல்ல ஊர்தியை முன்னரே பேசி வைத்தல் வேண்டும். அதன் பின்னரே நடை தொடங்குகின்றது. முற்பகுதி அகன்ற பாதை. பிற்பகுதி பாறைகளின் மேலும் ஓடையின் ஊடும் செல்வது. மழைக்காலத்திலும் வேறு சில வேளைகளிலும் வனத்துறையினர் வழியை அடைத்துவிடுவர். ஆதலின் புறப்படுவதற்கு முதல் நாள் அது திறந்திருக்கின்றதா என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

நேரக் கணக்கே ஏற்பாட்டின் முதுகெலும்பு. பலர் இக்கணக்கைக் காலையிலிருந்து தொடங்குகின்றனர், அது பிழை. மாலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். தைத் திங்களில் ஏறத்தாழ 6 மணிக்குக் கதிரவன் மறைகின்றான். மலையிடுக்கில் அதற்கும் முன்னரே நிழல் படிந்துவிடும். ஆகவே பிற்பகல் 3.30 மணிக்குள் காட்டு வாயிலுக்கு மீண்டுவிடல் வேண்டும் எனக் கொள்வது தக்கது. நடக்கும் நேரத்தைக் கணிக்க, இசுக்காட்லாந்து நாட்டு மலையேறியான நெய்சுமித்து என்பார் 1892-ஆம் ஆண்டில் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். அஃது உரமேறிய கால்களையுடைய மலையேறிகளுக்கு உரிய கணக்கு. முதன்முறை கல்வழி நடக்கும் மாணவர் மணிக்கு 2 கிலோமீட்டர் நடந்தாலே போதும் என்று கொள்ளல் வேண்டும். ஒருபுறம் 4 கிலோமீட்டர் நடை என்றால், போக 2 மணி, வர 2 மணி. அருவியருகே உண்ணவும் இளைப்பாறவும் ஒன்றரை மணி. ஆக 5.30 மணி நேரம். முற்பகல் 10 மணிக்கு நடை தொடங்க வேண்டும், தடாவில் 9 மணிக்குள் இறங்க வேண்டும், தாம்பரத்தில் 5.30 மணி அளவில் வண்டியேற வேண்டும். விடியுமுன் எழ இயலாதவர் இப்பயணத்திற்கு ஏற்றவர் அல்லர் என்பது இவ்வெளிய கணக்கிலேயே விளங்கிவிடும். இடையில் வண்டி தாழ்த்துப் பகல் 12 மணிக்குத்தான் வாயிலை அடைந்தால் என் செய்வது? அருவியை மறந்துவிட்டு, அகன்ற பாதையில் ஒரு மணி நேரம் நடந்து, நிழலில் அமர்ந்து உண்டு திரும்பிவிடல் வேண்டும். 'இவ்வளவு தொலைவு வந்துவிட்டோமே' என்னும் எண்ணம் அறிவை மயக்குவது. அதனை வாயிலிலேயே விட்டுவிடுதல் நன்று.

திருநீர்மலையின் தலவரலாறு இங்கு நினைக்கத்தக்கது. பல்லாவரத்திற்கு அண்மையில் உள்ள அம்மலையைத் தொழத் திருமங்கையாழ்வார் வந்தபோது, அதனைச் சூழ வெள்ளம் நின்றதாம். அவர் அதனைக் கடக்க முனையாது, நீர் வடியும்வரை ஆறு திங்கள் அங்கேயே காத்திருந்து, பின்னர் மலையேறித் தொழுதார் என்பர். ஆறு திங்கள் காத்திருக்க இன்று எவரையும் கேட்பாரில்லை. அடுத்த விடுமுறை வரையில் பொறுத்தாலே போதும்.

அத்திருநீர்மலையே ஒத்திகைக்கும் உரிய இடம். பயணத்திற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவினர் அனைவரும் அதன் படிகளை ஏறியிறங்கிப் பார்க்கலாம். பரங்கிமலையின் படிகளும் ஏற்றவை. யார்க்கு மூச்சு வாங்குகின்றது, யார்க்கு முழங்கால் நோகின்றது, யாருடைய செருப்பு காலைக் கடிக்கின்றது என்பன வெளிப்பட்டுவிடும். குழுவில் மெல்ல நடப்பவர் எவரோ அவர் நடையே அனைவர்க்கும் அளவு. அவரை முன்னே விட்டு மற்றவர் பின்னே செல்லல் வேண்டும். அவரைப் பின்னே விட்டு, நெடுந்தொலைவு சென்று திரும்பிப் பார்த்து, "விரைந்து வா" என்று கூவுதல் நட்பும் அன்று, நாகரிகமும் அன்று. ஆசிரியர் ஒருவர் தலையிலும் ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். ஆடவர் மட்டுமே செல்லத்தக்க பயணம் இஃது என எண்ணுவதற்கும் இடமில்லை. மாணவியர் படியேறும் திறத்தை ஒத்திகையில் கண்டோர் அவ்வாறு எண்ணார்.

கொண்டு செல்லும் பொருள் குறைவாக இருத்தல் நலம். தோளில் மாட்டும் பை ஒன்று, ஒவ்வொருவர்க்கும் 2 லிட்டர் தண்ணீர், புளிச்சோறு போன்று கெடாத கட்டுச்சோறு, சிறிது வெல்லமும் வேர்க்கடலையும், மாற்றுடை, கைவிளக்கு, ஊதுகுழல் ஒன்று, காயத்திற்குக் கட்டும் துணியும் மருந்தும். இரப்பர்ச் செருப்பு பாசிக்கல்லில் வழுக்கும். அடிப்புறம் வரிவரியாக அமைந்த, கணுக்காலைப் பற்றி நிற்கும் காலணியே ஏற்றது. கைப்பேசியை நம்பி வழியறியப் புகுவோர், காட்டிற்குள் அலைவரிசை எட்டாது என்பதை உணர்தல் வேண்டும். விளிம்பில் நின்று தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. புறப்படுமுன் கைப்பேசிகளை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டால் அது தானே ஒழியும். பாறையிடுக்கில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும். கூச்சலும் புகையும் அவற்றைக் கிளர்த்திவிடும். குரங்கிற்கு உணவளிப்பது அருளுடைமை போலத் தோன்றினும், அதனைப் பறித்துண்ணப் பழக்குவதே ஆகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்துள்ளது. எல்லை கடந்தால் அவ்வொழுக்கத்தையும் கடந்துவிடலாம் என்பதில்லை.

வானிலையை அறிதல் முற்காலத்தில் அரிது. இக்காலத்தில் அஃது அனைவர்க்கும் எளிது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தில் மழைமுகிலைக் கண்டறியும் ரேடார்க் கருவி இயங்குகின்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டந்தோறும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்குறித்து எச்சரிக்கை விடுக்கின்றது. தாம்பரத்தின் வானிலையைப் பார்த்துப் புறப்படுதல் பயனற்றது. அருவிக்கு மேலுள்ள மலைப்பகுதியின் வானிலையையே பார்க்க வேண்டும். எந்நிறத்து எச்சரிக்கை இருந்தாலும் பயணத்தை ஒத்திவைப்பதே முறை.

இவற்றையெல்லாம் ஆசிரியரே செய்து முடித்து, மாணவரை வண்டியில் ஏற்றிச் செல்வதனால் பெரும்பயன் விளையாது. ஏற்பாட்டை மாணவரிடமே ஒப்படைத்து, ஆசிரியர் அதனைத் திருத்துதல் வேண்டும். வனத்துறை அலுவலர்க்கு எழுதும் விண்ணப்பத்தைத் தமிழ் வகுப்பிலும், நேரக் கணக்கையும் செலவுக் கணக்கையும் கணக்கு வகுப்பிலும், மலையின் மேற்புறத்தே நீர் எவ்வழி திரளுகின்றது என்பதைப் புவியியல் வகுப்பில் படத்தின் துணை கொண்டும் எழுதிப் பழகலாம். பாடநூலில் உள்ள மாதிரிக் கடிதத்தைப் படியெடுக்கும் மாணவன் கொட்டாவி விடுகின்றான். தன் பயணம் அக்கடிதத்தால்தான் நிறைவேறும் என்று அறிந்தவன் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதுகின்றான்.

புறப்படும் நாளில் தாள் ஒன்று இரண்டு படியாக எழுதப்படல் வேண்டும். செல்லும் இடம், வழி, செல்வோர் பெயர், வீட்டுத் தொலைபேசி எண், மீளும் நேரம், குறித்த நேரத்திற்கு மேல் எத்தனை மணி கடந்தால் எவர்க்குத் தெரிவிப்பது என்பன அதில் இருக்கும். ஒரு படி தலைமையாசிரியரிடம். மற்றொன்று பெற்றோர் ஒருவரிடம். இரவில் தாம்பரம் நிலையத்தில் இறங்கித் தலைகளை எண்ணிய பின், இருவர்க்கும் செய்தி சொல்லப்படும்.

மறுநாள் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. எந்த மடு ஆழமானது, எந்தப் பாறை வழுக்கியது, எங்கே நிழல் இல்லை, எந்த வண்டி தாழ்த்து வந்தது, வழி பிரியும் இடத்தில் அடையாளம் யாது என்பவற்றை நினைவு மங்குமுன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடல் வேண்டும். அக்குறிப்பேடு வகுப்பு மாறும்போது எழுதியவருடன் போய்விடாமல், அடுத்த ஆண்டு அவ்வகுப்பிற்கு வருவோரிடம் சேர்க்கப்படல் வேண்டும்.